கொரோனாவுக்குப் பிறகு பல் மருத்துவப் படிப்பு: அச்சம் நியாயமா, கல்லூரியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: தகடூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக விலங்கியல் கற்பித்து வருகிறேன். நீட் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புவதில் தொடங்கிக் கலந்தாய்வு முடியும் வரை துணை நிற்பதும் என் வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இந்த ஆண்டு ஒரு மாணவியின் வீட்டில் எழுந்திருக்கும் சிக்கலுக்கு என்னால் தெளிவான விடை சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அந்த மாணவி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள், எனவே 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு உரியவள். அவள் பெற்றிருக்கும் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைப்பது ஐயம்தான் என்றாலும் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். இடத்துக்கு நல்ல வாய்ப்பிருக்கிறது. அவளுக்கும் அதில் முழு விருப்பம். தக்காளி மண்டியில் எடை போடும் அவளுடைய தந்தைதான் ஒப்புக்கொள்ளவில்லை. 2020-இல் மண்டிக்கு எதிரே இருந்த பல் மருத்துவமனை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை அவர் நாள்தோறும் பார்த்திருக்கிறார். "ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடமாடிய காலத்தில், அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற தொழில் என் மகளுக்கு எதற்கு டீச்சர்? நாளைக்கே இன்னொரு நோய் வந்தால் முதலில் கடை சாத்துகிறவரும் அவர்தான், முதலில் படுக்கிறவரும் அவர்தான்" என்கிறார். இதைச் சொல்லும்போதே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் வலிக்கு நெடுநாளாகக் கிராம்பை வைத்துக் கடித்தே காலம் தள்ளுகிறாராம்.

அவருடைய பேச்சை எளிதாகத் தள்ளிவிட முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு நீட் தேர்வு மே 3-ஆம் தேதியிலிருந்து ஜூலை 26-க்கும், அங்கிருந்து செப்டம்பர் 13-க்கும் தள்ளிப்போனது நினைவிருக்கும். உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டும் அதுதான். நவம்பர் 18-ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியபோது, என் மாணவி ஒருத்தி தனியார் கல்லூரியில் கிடைத்த பி.டி.எஸ். இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கட்டணம் கட்ட வழியில்லை என்பது ஒரு காரணம்; தொற்று நேரத்தில் இந்தப் படிப்பா என்று உறவினர் கேட்டது மற்றொரு காரணம். தனியார் கல்லூரியில் இடம் பெறும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அடுத்த சில நாள்களிலேயே வந்தது. அவள் பிறகு வேதியியல் படித்து இன்று நல்ல வேலையில் இருக்கிறாள், எந்தக் குறையும் இல்லை. எனினும் அன்று அவளிடம் ஒரு வாரம் பொறுத்திரு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் கவனித்து வருகிறேன். முன்பெல்லாம் பிள்ளைகள் கல்லூரியின் பெயரையும் பழமையையும் பார்த்து விருப்ப வரிசையை அமைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு, "திடீரென்று மூடினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து சேர முடியுமா" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. சேலம் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் மேலே ஏறுகின்றன, சென்னை கீழே இறங்குகிறது. இப்படித் தேர்ந்தெடுப்பது சரியா? அந்தத் தந்தையின் அச்சத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? பெருந்தொற்று மீண்டும் வந்தாலும் படிப்பு பாழாகாத கல்லூரியை எப்படி அடையாளம் காண்பது? துறையில் இருப்பவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மாங்கனி நகரத்தான்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் பதினாறு ஆண்டுகளாகச் சொந்தமாகப் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். 2020-இல் பூட்டிக் கிடந்தவற்றில் என்னுடையதும் ஒன்று என்பதால், அந்தத் தந்தை பார்த்தது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்கிறேன். அவர் அதிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

அன்று நடந்தது இதுதான். 2020 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரி. அப்படியிருந்தும் என் நாற்காலி காலியாகவே கிடந்தது. மே மாதத்தில் சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் மருத்துவமனையைத் திறக்கக் கூடாது, மற்ற இடங்களிலும் வலி, வீக்கம், இரத்தக்கசிவு போன்ற அவசரங்களுக்கு மட்டுமே சிகிச்சை, ஏனையவற்றைத் தள்ளிப்போட வேண்டும் என்பது அதன் சாரம். ஏரோட்டார் என்று நாங்கள் சொல்லும் துளையிடும் கருவி நிமிடத்துக்கு மூன்று நான்கு இலட்சம் முறை சுழலும். பல் சூடாகாமல் இருக்க அதனுடன் தண்ணீரும் பீய்ச்சப்படும். அந்தத் தண்ணீர் உமிழ்நீருடன் கலந்து பனிப்புகை போல அறையில் பரவும். கறை நீக்கும் ஸ்கேலிங் கருவியும் அப்படித்தான். காற்றில் பரவும் நோய் வந்தால் எங்கள் தொழில் முதலில் முடங்குவதற்கு இதுவே காரணம். வேறு மர்மம் எதுவும் இல்லை.

முதலில் முடங்கினோம் என்பதால் முதலில் நோயுற்றோம் என்று ஆகிவிடாது. அமெரிக்கப் பல் மருத்துவர்களிடையே 2020 ஜூனில் எடுக்கப்பட்ட கணக்கில், தொற்று உறுதியானவர்களும் ஐயத்துக்குரியவர்களும் சேர்ந்தே நூற்றுக்கு ஒருவரை எட்டவில்லை. எச்.ஐ.வி. அச்சம் எழுந்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு நோயாளியையும் தொற்றுள்ளவராகக் கருதிக் கையுறை மாற்றுவதும் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதும் எங்களுக்குப் பழகிப்போனவை. அந்தப் பழக்கத்தோடு என்-95 முகக்கவசமும், முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடும், பல்லைத் தனியே பிரித்து நிறுத்தும் ரப்பர் டேமும், சன்னலைத் திறந்து வைக்கும் ஒழுங்கும் சேர்ந்துகொண்டன. என் உதவியாளர் பெண்ணும் நானும் இரண்டாம் அலை முழுவதும் வேலை செய்தோம். அவருக்குத் தொற்று வந்தது, உண்மைதான். ஆனால் அது ஒரு திருமண வீட்டிலிருந்து வந்தது.

தந்தையிடம் நான் பேசுவதாக இருந்தால் கிருமியைப் பற்றிப் பேசமாட்டேன், பணத்தைப் பற்றிப் பேசுவேன். பெருந்தொற்று காட்டிக்கொடுத்த உண்மையான பலவீனம் அதுதான். கடன் வாங்கிப் புதிதாக மருத்துவமனை தொடங்கியிருந்தவர்கள் வாடகையும் வட்டியும் கட்ட முடியாமல் தவித்தார்கள். பிறரிடம் சம்பளத்துக்குச் சென்றவர்களுக்குச் சம்பளம் நின்றது. சாதாரண நாளிலேயே பி.டி.எஸ். முடித்து வருபவருக்குத் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக அரசுப் பல் மருத்துவராகப் போவதற்கும் இடங்கள் சொற்பம். ஆகவே இந்தப் படிப்பைக் கடன் இல்லாமல், அல்லது குறைந்த கடனோடு முடிக்க முடிகிறவர்கள் துணிந்து சேரலாம். உள் ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும் உங்கள் மாணவி அந்த வகையில் வருகிறாள். நிர்வாக ஒதுக்கீட்டில் நிலத்தை விற்றுச் சேர்க்கப் போகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 பி.டி.எஸ். இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. கொரோனாவுக்கு அஞ்சிப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் என்று அப்போது பலரும் பேசினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி தகுதிக்கான சதமானத்தை (பெர்சென்டைல்) பத்துப் புள்ளிகள் குறைக்கும்படி தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பிலேயே இருக்கும் ஒரு கணக்கைத்தான் பலர் கவனிக்கவில்லை. காலியாகக் கிடந்த அந்த ஏழாயிரத்தில் அரசுக் கல்லூரி இடங்கள் வெறும் 265. மிச்சம் எல்லாம் தனியார் கல்லூரிகளுடையவை. கிருமிக்கு அஞ்சியிருந்தால் இரண்டிலும்தானே கூட்டம் குறைந்திருக்க வேண்டும்?

நம் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி என்பது பழைய செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான் பல ஊர்களுக்குக் காவிரி நீர் வந்தது. புளோரைடு கறை, ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதிலேயே எனாமலில் படிந்துவிடுவது. பிற்பாடு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. ஆக, இன்று பதினெட்டு இருபது வயதில் இருப்பவர்களில் பலர் பழுப்புப் பற்களுடன்தான் கல்லூரிக்கும் வேலைக்கும் பெண் பார்க்கும் சடங்குக்கும் போகிறார்கள். முகக்கவசம் அணிந்திருந்த இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு விடுதலை இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்; ஆனால் முகக்கவசத்தைக் கழற்றிய 2022-க்குப் பிறகு இந்தக் கறையைப் போக்கக் கேட்டு என்னிடம் வந்த இளைஞர்களை நான் அறிவேன். இந்த ஊர்ப் பற்களை அறிந்த ஒருத்தி இந்த ஊருக்கே மருத்துவராகத் திரும்புவதில் எனக்குத் தன்னலமும் இல்லாமல் இல்லை, எனக்கும் வயதாகிறது.

எந்தக் கல்லூரி என்பதை இப்போது படிப்பவர்கள் சொல்வதே பொருத்தம்.

மறுமொழி: அரூர் ஹவுஸ்சர்ஜன்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட அதே 2020 கலந்தாய்வில் இடம் பெற்று, 2021 பிப்ரவரியில் வகுப்பில் நுழைந்தவள் நான். இப்போது ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். நான் செய்த தேர்வையும் அதில் நேர்ந்த பிழையையும் சொல்கிறேன். கல்லூரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

எனக்குச் சென்னையில் ஒரு கல்லூரியும், வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஒரு கல்லூரியும் எட்டும் நிலையில் இருந்தன. உங்கள் பிள்ளைகளைப் போலவே நாங்களும் தொலைவை மட்டும் பார்த்தோம். சென்னையில் தொற்று மிகுதியாக இருந்ததாலும், விடுதி மூடப்பட்டால் சித்தேரி மலையடிவாரம் வரை எப்படி வருவாய் என்று அம்மா அழுததாலும் அருகிலிருந்த கல்லூரியை எழுதினேன். அதற்கு முன்பு கல்லூரியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. அந்த நேரத்தில் எந்தக் கல்லூரியும் வெளியாட்களை உள்ளே விடவில்லை. இணையதளத்தில் இருந்த படங்களையும், அங்கே படிக்கும் யாரோ ஒருவருடைய தோழியின் வாய்ச்சொல்லையும் நம்பி ஐந்தாண்டு வாழ்க்கையை முடிவு செய்தோம். இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது, பழைய பைக் வாங்குவதாக இருந்தால்கூட என் அப்பா இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருப்பார்.

அருகில் இருந்ததால் நன்மை இல்லையா என்றால், இருந்தது. 2021 மே மாத முழு ஊரடங்கின்போது எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் அன்று மாலையே வீட்டில் இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்களில், வீடு அருகே இருப்பதால் படிப்பு ஓடிவிடாது என்று புரிந்தது. முதலாண்டில் பல்லின் உருவத்தை மெழுகுக் கட்டியில் செதுக்கிப் பழக வேண்டும். வேக்ஸ் கார்விங் என்போம். ஒவ்வொரு பல்லின் மேடும் பள்ளமும் விரல்களுக்குப் பழகுவதற்கான பயிற்சி அது. நான் மெழுகுக் கட்டியும் கத்தியுமாக ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்பதால், கைப்பேசியை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துக்கொண்டு செதுக்கினேன். அந்தப் பக்கம் ஆசிரியர் "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டு" என்பார்; காட்டுவதற்குள் தொடர்பு அறுந்துவிடும். மே மாத வெயிலில் மெழுகும் இளகிவிடும். கோட்பாட்டுப் பாடத்தைத் திரையில் படிக்கலாம், பிழையில்லை. கை வேலையைத் திரையில் கற்க முடியாது.

மூன்றாம் ஆண்டில் நோயாளிகளைத் தொடத் தொடங்கியபோது பெரிய குறை தெரிந்தது. பல் மருத்துவ மாணவருக்கு, இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பல் செட் செய்து தர வேண்டும் என்று கோட்டா உண்டு. கொரோனாவுக்கு முன்பு எங்கள் கல்லூரி வண்டி சுற்றுப்பட்ட கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தி, நோயாளிகளை ஏற்றி வந்து, மாலையில் கொண்டுபோய் விடுமாம். பெருந்தொற்றின்போது நின்ற அந்த வண்டி, நாங்கள் மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் ஓடவில்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருக்கும் கல்லூரிக்கு யார் பேருந்து பிடித்து வருவார்கள்? காலை பத்து மணிக்கு நாற்பது நாற்காலிகளில் எட்டில்தான் ஆள் இருப்பார்கள். நாங்கள் சொந்தச் செலவில் பேருந்துக் கட்டணம் கொடுத்து உறவினரை வரவழைத்தோம். என் பாட்டியின் வாயில் மிச்சமிருந்த மூன்று பற்களும் என் வகுப்புத் தோழர்களின் கோட்டாக் கணக்கில்தான் சேர்ந்தன. பாட்டி இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்.

அதே ஆண்டில் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்த என் தோழிக்கு நிலைமை நேர்மாறாக இருந்தது. இரண்டு அலைகளிலும் தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் சொத்தை முற்றி, வேர் வரை அழுகி, ஒரே நேரத்தில் வந்து குவிந்தார்கள், காலை ஓ.பி. வரிசை படிக்கட்டு வரை நின்றதாம். அவள் மூன்றாம் ஆண்டிலேயே பிடுங்கிய பற்களின் எண்ணிக்கையை நான் பயிற்சிக் காலத்தில்தான் தொட்டேன்.

ஆகவே என் கருத்து இது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தொலைவைவிட, நோயாளிக்கும் கல்லூரிக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். நகரத்துக்குள்ளேயே, நடந்தோ நகரப் பேருந்திலோ வரக்கூடிய இடத்தில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். முகாம் வண்டி இப்போது ஓடுகிறதா என்று காவலாளியிடம் கேளுங்கள், முதல்வரிடம் கேட்க வேண்டாம். பொம்மைத் தலையில் பழகும் ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு ஒரு தலை உண்டா, அல்லது நான்கு பேருக்கு ஒன்றா என்று பாருங்கள். கல்லூரி மூடித் திறக்கும் காலத்தில் இழந்த கைப்பழக்கத்தை மீட்டுக்கொள்ள அந்த ஆய்வகம்தான் உதவும். 2020-இல் இறுதியாண்டில் இருந்த அண்ணன் அக்கா யாராவது கிடைத்தால், அவர்களுக்கு விடுபட்ட மருத்துவமனை நாள்களைக் கல்லூரி பிறகு ஈடுகட்டியதா, அல்லது வருகைப் பதிவேட்டில் மட்டும் ஈடுகட்டியதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நோயாளியாகவே போய் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்து பார்ப்பதுதான்.

அந்த அப்பாவுக்குப் பல் வலி என்று எழுதியிருந்தீர்களே.

மறுமொழி: ஓசூர்க்காரர்

நான் மருத்துவன் அல்லன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கை அரூரிலிருந்து எழுதியது முழுவதும் சரி, ஆனால் தொலைவைப் பற்றிச் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும்.

என் மூத்த மகள் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். படித்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். சென்னையைவிட அதுதான் அருகில் என்று மகிழ்ந்து சேர்த்தோம். கன்னடமும் தெலுங்கும் எங்கள் தெருவிலேயே பழகியவள் என்பதால் நோயாளிகளுடன் பேசுவதிலும் தொல்லை இருக்கவில்லை. 2020 மார்ச்சில் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். இரண்டு வாரம் என்று சொல்லி ஒரு பையுடன் வீட்டுக்கு வந்தவளுடைய கருவிப் பெட்டி, புத்தகம், பாதி முடிந்த பல் செட் எல்லாம் விடுதி அறையிலேயே பூட்டப்பட்டன. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோட்டை அதுவரை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணியதே இல்லை. அதைத் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றானபோது நாற்பது கிலோமீட்டர் எங்களுக்கு நானூறாகிவிட்டது. இரண்டு மாநிலங்களின் விதிகளும் வாரத்துக்கு ஒரு முறை மாறின; இங்கே கிடைத்த அனுமதி அங்கே செல்லாது. அவளுடைய வகுப்பில் பெங்களூரிலேயே வீடு உள்ளவர்கள் கல்லூரி திறந்த முதல் நாளே உள்ளே இருந்தார்கள். என் மகள் போய்ச் சேரப் பதினொரு நாள் ஆயிற்று.

அந்த அனுபவத்தால் இளையவன் 2021-இல் பி.டி.எஸ். தேர்ந்தெடுத்தபோது கர்நாடகத்தை விண்ணப்பத்திலேயே சேர்க்கவில்லை. அவனுக்குப் பெங்களூரில் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரி, இப்போது படிக்கும் கல்லூரியைவிட நோயாளிகள் மிகுந்தது என்று அக்காவே சொல்கிறாள். எங்கள் முடிவு அச்சத்தால் எடுத்த முடிவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எல்லையோர மக்களாகிய எங்களுக்குக் கிலோமீட்டரைவிட மாநிலம்தான் கணக்கு என்பதை எழுதி வைக்க விரும்பினேன். மருத்துவர் ஐயா கட்டணத்தைப் பற்றிச் சொன்னதற்கும் நான் சாட்சி. ஓராண்டு முழுவதும் கல்லூரி பாதி நாள் மூடிக் கிடந்தும் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை, விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

மறுமொழி: தாடையறுவை மாணவன்

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்பு முடித்திருக்கிறேன். இளநிலைப் படிப்பைப் பற்றி மேலே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். மாணவியின் தந்தைக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன்.

பெருந்தொற்று வந்தால் பல் மருத்துவருக்கு வேலை இருக்காது என்பது பாதி உண்மை. 2021-இல் இரண்டாம் அலை தணியும் நேரத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது. பலருக்கு அது மேல்தாடைப் பல் ஆடுவதாகவும், அண்ணத்தில் புண்ணாகவும், கன்னம் மரத்துப்போவதாகவும்தான் முதலில் தெரிந்தது. சர்க்கரை நோயும் அண்மையில் கொரோனாவும் இருந்த ஒருவர் பல் ஆடுகிறது என்று வந்தால், பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லும் பல் மருத்துவர் அவருடைய கண்ணையும் உயிரையும் காப்பாற்றியிருக்கிறார். அழுகிய மேல்தாடையை அகற்றும் அறுவையில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுடன் எங்கள் துறையினர் இரவு பகலாக நின்றார்கள். நான் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க அந்த மாதங்களே காரணம். அதற்கு முன்பு பல் சீரமைப்பில் சேர வேண்டும், கிளிப் போட்டால் நல்ல வருமானம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். சேர்க்கைக்கான நீட் தேர்வை 2020 டிசம்பர் 16-ஆம் தேதி எழுதினோம். கலந்தாய்வு 2021 ஆகஸ்ட் மாதத்தில்தான் தொடங்கியது. எட்டு மாதம் வேலைக்கும் போக முடியாமல், கல்லூரியும் கிடைக்காமல் இருந்தோம். என் நண்பர்கள் சிலர் சளி மாதிரி எடுக்கும் தற்காலிகப் பணிக்குப் போனார்கள், சிலர் மேற்படிப்பு எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்கும் வசதி வீட்டில் இருந்ததால்தான் நான் இன்று இந்தப் பெயரில் எழுதுகிறேன். மருத்துவர் ஐயா பணத்தைப் பற்றிச் சொன்னது மேற்படிப்புக்கும் அப்படியே பொருந்தும்.

மறுமொழி: தகடூர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன 265 என்ற எண்ணையும், கருப்புப் பூஞ்சை பற்றிய செய்தியையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று மாலை மண்டிக்குப் போனேன். அவர் எண்ணைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டணத்தை அரசு ஏற்கும் என்பது ஐந்தாண்டுக்கும் பொருந்துமா, விடுதிக்கும் சேர்த்தா, எழுத்தில் தருவார்களா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். அதற்கான அரசாணையை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரி விஷயத்தில், சேலம் பக்கத்தில் இரண்டு, சென்னையில் ஒன்று என்று வரிசையை மீண்டும் பிரித்துப் போட்டிருக்கிறோம். 1953 முதல் இயங்கும் சென்னை அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் எட்டுமா என்பது கடைசிச் சுற்றில்தான் தெரியும்; எட்டினால் தொலைவைப் பார்க்காமல் அதையே முதலில் வைப்பது என்று மாணவி முடிவு செய்துவிட்டாள். அரூர் மகள் எழுதியதை அவளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பாட்டியின் மூன்று பற்கள் வந்த இடத்தில் அவள் சிரித்தாள், பிறகு தன் வீட்டில் யார் யாருக்குச் சொத்தை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

நோயாளியாகப் போய்ப் பார்க்கும் யோசனையைத் தந்தை உடனே ஏற்கவில்லை. படிக்கிற பிள்ளைகளின் கையிலா என் பல்லைக் கொடுப்பது என்று தயங்கினார். உங்கள் மகளும் ஒரு நாள் அப்படித்தானே யாருடைய பல்லையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள் என்றேன். வருகிற செவ்வாய்க்கிழமை மண்டிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலை ஆறரை மணிப் பேருந்தில் மூவரும் சேலம் போகிறோம். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று அவர் கேட்கச் சொன்னார். மருத்துவர் ஐயா சொன்னால் நலம்.

மறுமொழி: மாங்கனி நகரத்தான்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டே போகச் சொல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் அவற்றையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, சீட்டைக் கையோடு கொண்டு செல்லட்டும். கிராம்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடட்டும்.